கம்பெனி இன்சூரன்ஸா, ட்ரைகேரா? அமெரிக்கப் படைகளில் ஓய்வு பெற்று வேலையில் சேருகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

அமெரிக்கப் படையில் 20 வருடம் முடித்து ஓய்வூதியத்தோடு வெளியே வந்தவர் ஒரு கம்பெனியில் சேர்ந்ததும் முதல் வாரமே ஹெச்.ஆர். ஒரு படிவம் அனுப்புவார்கள். மெடிக்கல் இன்சூரன்ஸ் வேண்டுமா, வேண்டாமா? பதில் சொல்லப் பெரும்பாலும் 30 நாள்தான். என் கணவர் ஓய்வு பெற்றபோது இந்தக் காகித வேலை முழுக்க என் கையில் வந்து சேர்ந்தது, அப்புறம் தெரிந்த குடும்பங்கள் ஒவ்வொன்றாக போன் செய்ய ஆரம்பித்தார்கள். "அக்கா, நாளைக்குக் கடைசி நாள், எதுல டிக் போடறது?" என்றுதான் பேச்சே தொடங்கும். அப்படிக் கடைசி நாளில் போட்ட டிக்கால் வருடம் முழுக்கச் சிரமப்பட்டவர்களைப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

பலரும் கம்பெனி இன்சூரன்ஸ், ட்ரைகேர் (ஓய்வு பெற்ற படையினருக்கும் குடும்பத்துக்கும் ராணுவம் தரும் மருத்துவக் காப்பீடு) என்ற இரண்டின் பிரீமியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, குறைந்ததை எடுத்துக்கொள்கிறார்கள். பிரீமியம் கடைசியில் பார்க்க வேண்டிய விஷயம். யாருக்கு என்ன உரிமை, எந்தக் கதவு எப்போது மூடும், மூடினால் திரும்ப எப்போது திறக்கும் என்பதை முதலில் பாருங்கள். இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ளலாம், வீட்டில் ஒருவருக்கு இது, மற்றவர்களுக்கு அது என்று பிரித்தும் போடலாம்.

1. உட்காருவதற்கு முன் எடுத்து வைக்க வேண்டியவை

டி.டி. 214 (படையிலிருந்து வெளியே வந்ததற்கான சான்று), எல்லோருடைய ராணுவ அடையாள அட்டைகள், எல்லோருடைய பிறந்த தேதி. கம்பெனியிடமிருந்து "சம்மரி ஆஃப் பெனிஃபிட்ஸ் அண்ட் கவரேஜ்" என்ற தாளும், தனியாளுக்கு எவ்வளவு, குடும்பத்துக்கு எவ்வளவு சம்பளத்தில் பிடிப்பார்கள் என்ற பட்டியலும். விளம்பரக் கையேட்டை வைத்து முடிவெடுக்க முடியாது, அதில் டிடக்டிபிள் (இன்சூரன்ஸ் கட்டத் தொடங்கும் முன் நீங்கள் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகை) எங்கேயோ மூலையில் இருக்கும்.

ஒரு வெள்ளைத்தாளில் வீட்டில் உள்ள ஒவ்வொருவரின் மருத்துவர் பெயர், சாப்பிடும் மருந்து, அளவு, கடந்த வருடம் எத்தனை முறை ஆஸ்பத்திரிக்குப் போனார்கள் என்று எழுதுங்கள். இதை எழுத அரை மணி நேரம் ஆகும், மீதி வேலை முழுக்க இந்தத் தாளை வைத்துத்தான் நடக்கப்போகிறது.

2. நீங்கள் எந்த வகை என்று உறுதி செய்யுங்கள்

முன்னாள் படைவீரர் எல்லோருக்கும் ட்ரைகேர் கிடையாது. நான்கு வருடம், எட்டு வருடம் பணி செய்து வெளியே வந்தவர் வெட்டரன்தான், ஆனால் ரிட்டயரி இல்லை. அவருக்கு வி.ஏ. (முன்னாள் படைவீரர் நலத் துறை) மருத்துவமனை கிடைக்கலாம், அது வேறு ஏற்பாடு. 20 வருடம் முடித்தவர்களுக்கும், மருத்துவக் காரணத்தால் ஓய்வு கொடுக்கப்பட்டவர்களுக்கும், அவர்கள் மனைவி அல்லது கணவர், பிள்ளைகளுக்கும்தான் ட்ரைகேர். வி.ஏ. அட்டையைக் காட்டி "எங்களுக்குத்தான் இருக்கே" என்று கம்பெனி இன்சூரன்ஸை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த ஒருவரை எனக்குத் தெரியும். அவருக்கு மட்டும் வி.ஏ. இருந்தது, மனைவிக்கும் குழந்தைக்கும் எதுவுமே இல்லை.

ரிசர்வ் அல்லது நேஷனல் கார்டில் 20 வருடம் முடித்தவர்களுக்கு 60 வயது வரை முழு ட்ரைகேர் கிடையாது. நடுவில் ட்ரைகேர் ரிட்டயர்ட் ரிசர்வ் என்று ஒன்று வாங்கலாம், முழுச் செலவையும் நீங்களே கட்டுவதால் விலை அதிகம். இந்த நிலையில் இருந்தால் கம்பெனி இன்சூரன்ஸ்தான் பெரும்பாலும் சரி, கீழே உள்ள கணக்கில் பாதி உங்களுக்குப் பொருந்தாது.

அப்புறம் படையில் முதலில் சேர்ந்த தேதி. 2018 ஜனவரி 1-க்கு முன் சேர்ந்தவர்கள் குரூப் ஏ, அன்றோ அதற்குப் பிறகோ சேர்ந்தவர்கள் குரூப் பி. இரண்டுக்கும் கட்டணம் வேறு. இப்போது முழுப் பணிக்காலம் முடித்து ஓய்வு பெறுகிறவர்கள் எல்லோரும் குரூப் ஏ, அதனால் நான் தரும் எண்களும் அதற்குத்தான்.

3. டியர்ஸ் பதிவைச் சரி செய்யுங்கள்

ட்ரைகேருக்கு நீங்கள் யார் என்று சொல்வது டியர்ஸ் என்ற பதிவேடு. கல்யாணம், குழந்தை, வீட்டு முகவரி, எதையும் அது தானாகத் தெரிந்துகொள்ளாது. மில்கனெக்ட் தளத்தில் நுழைந்து ஒவ்வொரு பெயரும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

நம்மவர்களுக்கு இதில் ஒரு தனித் தொல்லை உண்டு: இனிஷியல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசிப் பெயராக இருக்கும், திருமணச் சான்றிதழில் இனிஷியலாக இருக்கும், சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் இரண்டும் சேர்ந்து ஒரே சொல்லாக இருக்கும். டியர்ஸில் ஒரு மாதிரியும் கம்பெனி இன்சூரன்ஸில் இன்னொரு மாதிரியும் பதிவானால் பில் இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும். எல்லா இடத்திலும் சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் உள்ளபடியே எழுதுங்கள், அட்டையே தப்பாக இருந்தால் முதலில் அட்டையை மாற்றுங்கள்.

4. தேதிகளைக் காலண்டரில் குறியுங்கள்

பணியில் இருந்தவரை ட்ரைகேர் கூடவே வந்தது, ஓய்வு பெற்றபின்னும் அப்படியே வரும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். வராது. ஓய்வு தேதியிலிருந்து 90 நாளுக்குள் ப்ரைம் அல்லது செலக்ட் (ட்ரைகேரின் இரண்டு திட்டங்கள், வித்தியாசம் 10-ஆம் பகுதியில்) என்று நீங்களே பதிவு செய்ய வேண்டும். செய்யாவிட்டால் ராணுவ மருத்துவமனையில் இடம் இருந்தால் மட்டும் பார்ப்பார்கள், வெளி மருத்துவரின் பில்லை யாரும் கட்ட மாட்டார்கள்.

கம்பெனி பக்கம், சேர்ந்த நாளிலிருந்து எத்தனை நாள் என்று கேட்டு எழுதுங்கள். அதை விட்டால் பொதுவாக அடுத்த ஓபன் என்ரோல்மென்ட் (வருடத்துக்கு ஒருமுறை சேரவும் மாற்றவும் விடும் காலம்) வரை காத்திருக்க வேண்டும். நடுவில் வேறு இன்சூரன்ஸை இழந்தாலோ, கல்யாணம் ஆனாலோ, குழந்தை பிறந்தாலோ 30 நாள் ஜன்னல் ஒன்று திறக்கும்.

ட்ரைகேரிலும் இதே மாதிரிதான், ஆனால் 90 நாள். வேலை போய் கம்பெனி இன்சூரன்ஸ் நின்றால் அதுவே ஒரு காரணம், 90 நாளுக்குள் சேரலாம். புதிதாகக் கம்பெனி இன்சூரன்ஸ் கிடைத்தாலும் காரணம்தான். எந்தக் காரணமும் இல்லாவிட்டால் நவம்பர் இரண்டாம் வாரத்திலிருந்து டிசம்பர் இரண்டாம் வாரம் வரை நடக்கும் ஓபன் சீசனில் மாற்றலாம், ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வரும்.

30-க்கும் 90-க்கும் உள்ள வித்தியாசத்தை மனதில் வையுங்கள். ட்ரைகேருக்குத் திரும்பி வருவது கொஞ்சம் தாராளம், கம்பெனி இன்சூரன்ஸுக்குத் திரும்புவது கறார். சந்தேகத்தில் இருந்தால் எந்தப் பக்கத்து ஜன்னல் முதலில் மூடுகிறதோ அதை முதலில் முடிவு செய்யுங்கள்.

5. மருத்துவரையும் மருந்தையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்

வெள்ளைத்தாளை எடுங்கள். ஒவ்வொரு மருத்துவர் அலுவலகத்துக்கும் போன் செய்யுங்கள். "ட்ரைகேர் எடுப்பீங்களா?" என்று கேட்டால் "எடுப்போம்" என்று சொல்லிவிடுவார்கள், அந்தப் பதிலை வைத்து எதுவும் செய்ய முடியாது. "நீங்கள் ட்ரைகேர் நெட்வொர்க்கில் இருக்கிறீர்களா? ப்ரைமா, செலக்டா, இரண்டுமா? புது நோயாளிகளைச் சேர்க்கிறீர்களா?" என்று மூன்றாகக் கேளுங்கள். நெட்வொர்க்கில் (ட்ரைகேரோடு ஒப்பந்தம் போட்ட மருத்துவர்கள் பட்டியலில்) இல்லாத, ட்ரைகேர் நிர்ணயித்த தொகைக்கு ஒத்துக்கொள்ளாத மருத்துவர் அந்தத் தொகைக்கு மேல் 15 சதவீதம் வரை உங்களிடம் வாங்கலாம். பெரிய ஆபரேஷனில் அந்த 15 சதவீதம் வலிக்கும்.

2025 ஜனவரி 1 முதல் ட்ரைகேரின் மேற்குப் பகுதியை ட்ரைவெஸ்ட் என்ற நிறுவனம் நிர்வகிக்கிறது, கிழக்கில் ஹ்யூமனா மிலிட்டரி நிறுவனம் தொடர்கிறது. டெக்சாஸ், இல்லினாய் உட்பட ஆறு மாநிலங்கள் அன்று கிழக்கிலிருந்து மேற்குக்கு மாறின. அதனால் இணையத்தில் கிடைக்கும் பழைய மருத்துவர் பட்டியலை நம்பாமல் இப்போதைய பட்டியலைப் பாருங்கள்.

மருந்தில் ட்ரைகேரின் கை ஓங்கியிருக்கும். ராணுவ மருந்தகத்தில் காசே கிடையாது. 2026-இல் தபாலில் வரும் 90 நாள் ஜெனரிக் மருந்துக்கு 14 டாலர், பட்டியலில் உள்ள பிராண்ட் மருந்துக்கு 44 டாலர். வெளிக் கடையில் 30 நாளுக்கு 16-உம் 48-உம். வீட்டில் சர்க்கரை, பிரஷர் என்று நான்கைந்து மாத்திரை ஓடுகிறது என்றால் இதைத் தனி வரியாகக் கணக்கில் எழுதுங்கள்.

ஆனால் மருந்துக்கும் சேர்த்துக் கம்பெனி இன்சூரன்ஸ் எடுத்தீர்கள் என்றால், அந்தத் தபால் மருந்து வசதி நின்றுவிடும். கம்பெனி அந்த மருந்தைத் தரவே மாட்டேன் என்றாலோ, கம்பெனி வருடத்துக்குக் கொடுக்கும் அளவு முடிந்தாலோதான் திரும்பக் கிடைக்கும். "இரண்டும் இருக்கட்டும், நல்லதுதானே" என்று எடுத்தவர்கள் முதலில் ஆச்சரியப்படுவது இந்த இடத்தில்தான்.

ட்ரைகேரில் ரிட்டயரிகளுக்கு இல்லாத சிலவற்றையும் பாருங்கள். காது கேட்கும் கருவி, கைரோபிராக்டர், ஐ.வி.எஃப். ஆகியவை இல்லை. இவற்றில் ஒன்று உங்கள் வீட்டுக்குத் தேவை, கம்பெனி திட்டத்தில் அது இருக்கிறது என்றால், அந்த ஒன்றே முடிவைத் தீர்மானித்துவிடலாம்.

6. குடும்பத்தில் ஒவ்வொருவராகப் பாருங்கள்

நான் அதிகம் பார்த்த தவறு, குடும்பத்தை ஒரே மூட்டையாக நினைப்பது.

பிள்ளைகளை முதலில் எடுங்கள். கம்பெனி இன்சூரன்ஸில் 26 வயது வரை இருக்கலாம், படித்தாலும் படிக்காவிட்டாலும். ட்ரைகேரில் 21 வரைதான். முழுநேரக் கல்லூரி மாணவராக இருந்து, அந்தச் சான்றை டியர்ஸில் கொடுத்திருந்தால் 23 வரை. அதற்குப் பிறகு 26 வரை ட்ரைகேர் யங் அடல்ட் என்று தனியாகப் பணம் கட்டி வாங்க வேண்டும்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு பையன், கல்லூரியில் மூன்றாம் வருடம். பிறந்தநாள் முடிந்து இரண்டு வாரத்தில் கூடைப்பந்து ஆடும்போது கால் பிசகிக்கொண்டது. மருத்துவமனை வரவேற்பில் அட்டையைக் கொடுத்தான், அந்தப் பெண் இரண்டு முறை தட்டிப் பார்த்துவிட்டு "கவரேஜ் இல்லை என்று காட்டுகிறது" என்றாள். கால் வீங்கிக்கொண்டே இருக்க அவன் அம்மாவுக்கு போன் செய்தான், அந்த அம்மா எனக்கு போன் செய்தார். கல்லூரியிலிருந்து ஒரு கடிதம் வாங்கி 21-ஆம் பிறந்தநாளுக்கு முன் டியர்ஸில் கொடுத்திருந்தால் போதும், யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. பிள்ளைக்கு 20 முடியும்போதே காலண்டரில் குறியுங்கள்.

அடுத்தது பெற்றோர். ஊரிலிருந்து அப்பா அம்மாவை கிரீன் கார்டில் அழைத்து வந்தவர்கள் கட்டாயம் கேட்பார்கள். உங்களைச் சார்ந்திருக்கும் பெற்றோரை, மாமனார் மாமியாரைக்கூட, டியர்ஸில் சேர்க்க வழி உண்டு, ராணுவ மருத்துவமனையில் இடம் இருந்தால் பார்ப்பார்கள். ஆனால் ப்ரைமோ செலக்டோ அவர்களுக்குக் கிடையாது, வெளி மருத்துவமனை பில்லை ட்ரைகேர் கட்டாது. கம்பெனி இன்சூரன்ஸிலும் பொதுவாகப் பெற்றோரைச் சேர்க்க முடியாது. அவர்களுக்குத் தனி ஏற்பாடு வேண்டும், இந்த முடிவோடு அதைக் குழப்பாதீர்கள்.

வேலைக்குப் போகும் துணைவருக்கு அவருடைய கம்பெனியிலும் இன்சூரன்ஸ் இருக்கும், அந்தத் தாளையும் கேட்டு வாங்கி மூன்றாவதாக வையுங்கள்.

7. இரண்டும் இருந்தால் யார் முதலில் கட்டுவது

சட்டப்படி ட்ரைகேர் எப்போதும் இரண்டாவது. கம்பெனி இன்சூரன்ஸ் ஒன்று இருந்தால் அதுதான் முதலில் கட்ட வேண்டும், மீதியை ட்ரைகேர் பார்க்கும். மெடிகெய்ட் (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசுக் காப்பீடு) மாதிரிச் சில மட்டுமே இதற்கு விலக்கு. "இந்த முறை ட்ரைகேரைக் காட்டுகிறேன், அடுத்த முறை கம்பெனியைக் காட்டுகிறேன்" என்று தேர்ந்தெடுக்க முடியாது.

இதில் நல்லதும் உண்டு. கம்பெனி கட்டியது போக நிற்கும் மீதியை, தான் தனியாக இருந்தால் கட்டியிருக்கக்கூடிய அளவு வரை ட்ரைகேர் கட்டும். பல சமயம் உங்கள் கையிலிருந்து ஒன்றுமே போகாது. அதோடு, பெரும்பாலான சிகிச்சைகளுக்கு ட்ரைகேரின் ரெஃபரலும் (ஸ்பெஷலிஸ்டிடம் போக வாங்கும் பரிந்துரை) தேவைப்படாது.

கெட்டது என்னவென்றால், கம்பெனி இன்சூரன்ஸின் விதிகளை மீறினால் இரண்டுமே கைவிடும். அவர்கள் முன்அனுமதி கேட்டார்கள், நீங்கள் வாங்கவில்லை, அவர்கள் மறுத்துவிட்டார்கள் என்றால் ட்ரைகேரும் மறுக்கலாம். "எனக்குப் பின்னாடி ட்ரைகேர் இருக்கு" என்ற தைரியத்தில் நெட்வொர்க்குக்கு வெளியே போய் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு.

இன்னொன்று, இரண்டாவதாக இருக்க வேண்டும் என்றாலும் ட்ரைகேரில் பதிவு செய்து கட்டணம் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். பதிவே இல்லாமல் அட்டை மட்டும் இருந்து பயனில்லை.

8. ஹெச்.எஸ்.ஏ. கணக்கைத் தொடாதீர்கள்

எங்கள் வீட்டில் நடந்ததையே சொல்கிறேன். கணவர் சேர்ந்த முதல் கம்பெனியில் பெரிய டிடக்டிபிள் உள்ள திட்டம், கூடவே ஹெச்.எஸ்.ஏ. (மருத்துவச் செலவுக்கு வரியில்லாமல் சேமிக்கும்) கணக்கு, கம்பெனியே அதில் ஆயிரம் டாலர் போடும் என்றார்கள். சும்மா வருகிற பணம் என்று எடுத்தோம், மாதாமாதம் நாங்களும் போட்டோம். அடுத்த மார்ச்சில் வரிப் படிவம் நிரப்பும்போது "வேறு மருத்துவக் காப்பீடு உண்டா?" என்ற கேள்வி வந்தது. செலக்டில் பதிவு அப்படியே இருந்தது. சாப்பாட்டு மேசையில் அந்தக் கேள்வியைப் பார்த்தபடி நான் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை.

ட்ரைகேரில் இருப்பவர் ஹெச்.எஸ்.ஏ.யில் பணம் போட முடியாது. கம்பெனி போட்ட ஆயிரமும் தப்புக் கணக்கில்தான் சேரும். வரி தாக்கல் செய்யும் கெடுவுக்குள் அந்தப் பணத்தையும், அது ஈட்டிய வருமானத்தையும் வெளியே எடுக்க வேண்டும், எடுக்காவிட்டால் வருடா வருடம் 6 சதவீதத் தண்டவரி. நாங்கள் கெடுவுக்குள் எடுத்துவிட்டோம், ஆனால் மூன்று வாரம் தூக்கம் போனது.

ஹெச்.ஆர். இதைக் கேட்க மாட்டார்கள், அவர்களுக்கு நீங்கள் ட்ரைகேரில் இருப்பதே தெரியாது. பெயர் ஒரே மாதிரி இருப்பதால் எஃப்.எஸ்.ஏ.யோடு (சம்பளத்திலிருந்து வரிக்கு முன் ஒதுக்கி வைக்கும் செலவுக் கணக்கு) குழம்பாதீர்கள். மருத்துவ எஃப்.எஸ்.ஏ. ட்ரைகேரோடு சேர்ந்து வைத்துக்கொள்ளலாம், கோ-பே, கண்ணாடி, பல் செலவுக்கு உதவும்.

9. இப்போது கணக்கு போடுங்கள்

ஒரு உதாரணம். கம்பெனி குடும்பத் திட்டத்துக்கு மாதம் 450 டாலர் பிடிக்கிறது, வருடத்துக்கு 5,400. டிடக்டிபிள் தனி.

ட்ரைகேர் ப்ரைமில் குடும்பத்துக்கு 2025-ஆம் வருடக் கட்டணம் 744 டாலர், தனியாளுக்கு 372. குரூப் ஏ குடும்பத்துக்கு ப்ரைமில் வருட உச்சவரம்பு, அதாவது வருடத்தில் உங்கள் கையிலிருந்து அதிகபட்சம் போகக்கூடியது, 3,000 டாலர். கட்டணத்தைத் தனியாகச் சேர்த்தே போட்டாலும், விதிப்படி போன சிகிச்சைக்கு மிக மோசமான வருடத்தில்கூட 3,744-ஐத் தாண்டாது. அதாவது யாருக்கும் ஒரு தும்மல்கூட வராத வருடத்தில் கம்பெனிக்குப் போகும் பிரீமியம், எல்லோரும் படுத்த வருடத்தில் ட்ரைகேரில் ஆகும் மொத்தச் செலவைவிட அதிகம்.

ஆனால் அவசரப்படாதீர்கள், வரியைச் சேர்க்க வேண்டும். கம்பெனி பிரீமியம் பொதுவாக வரிக்கு முன் பிடிக்கப்படும். 22 சதவீத வரிப் பிரிவில் இருந்து, சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் வரி 7.65 சதவீதமும் மிச்சமானால், அந்த 5,400 உண்மையில் 3,800 அளவுக்கு இறங்கும். வித்தியாசம் சுருங்குகிறது, பாருங்கள். மாநில வரியும் இருந்தால் இன்னும் சுருங்கும். மேலோட்டமாகப் பார்த்து "ட்ரைகேர் பத்து மடங்கு மலிவு" என்று சொல்கிறவர்கள் இந்த வரியை விட்டுவிடுகிறார்கள், ஆனால் கம்பெனி டிடக்டிபிளை மறந்தால் எதிர்ப்பக்கமும் தப்பாகும்.

உங்கள் எண்களை வைத்து இரண்டு வருடத்துக்குப் போடுங்கள்: சாதாரண வருடம் ஒன்று, ஒரு ஆபரேஷன் வந்த வருடம் ஒன்று.

கம்பெனி உங்கள் ஒருவருக்கு மட்டும் இலவசமாகக் கொடுத்து, குடும்பத்துக்குத்தான் பணம் கேட்கிறது என்றால், நான் பெரும்பாலும் சொல்வது: வேலை பார்ப்பவர் மட்டும் கம்பெனியில், குடும்பம் ட்ரைகேரில். இந்தப் பிரிப்பு பலருக்குத் தோன்றுவதே இல்லை.

10. ட்ரைகேர் என்றால் ப்ரைமா, செலக்டா

ப்ரைமில் ஒரு குடும்ப மருத்துவர், அவர் ரெஃபரல் கொடுத்தால்தான் ஸ்பெஷலிஸ்ட். ராணுவ முகாம் அருகில் இருப்பவர்களுக்கு வசதி, செலவும் கட்டுக்குள். ரெஃபரல் இல்லாமல் நீங்களே போனால் பாயின்ட் ஆஃப் சர்வீஸ் என்ற விதி: தனியாளுக்கு 300, குடும்பத்துக்கு 600 டாலர் டிடக்டிபிள், அதற்கு மேல் பாதிச் செலவு உங்களுடையது. அந்தப் பணம் 3,000 உச்சவரம்பிலும் சேராது.

செலக்டில் யாரையும் கேட்காமல் போகலாம். 2021 வரை குரூப் ஏ-வுக்குப் பதிவுக் கட்டணமே இல்லை. அந்த வருடம் தனியாளுக்கு 150, குடும்பத்துக்கு 300 என்று தொடங்கி ஓய்வூதிய உயர்வோடு ஏறி வருகிறது. உச்சவரம்பும் அப்போது 3,500 ஆகி, அதுவும் ஏறுகிறது. மருத்துவ ஓய்வு பெற்றவர்களுக்குச் செலக்ட் கட்டணம் கிடையாது.

கம்பெனி இன்சூரன்ஸோடு சேர்த்து வைக்கிறீர்கள் என்றால் செலக்ட் எடுங்கள். ஏற்கெனவே ஒரு திட்டத்தின் விதிகளைப் பின்பற்ற வேண்டியிருக்கும், ப்ரைமையும் சேர்த்தால் தலை சுற்றும்.

11. கம்பெனியிடம் கேட்க வேண்டியவை

"ட்ரைகேர் இருக்கிறதா, எங்கள் இன்சூரன்ஸ் வேண்டாம் என்று சொன்னால் பணம் தருகிறோம்" என்று உங்களை மட்டும் குறிவைத்துச் சொல்ல 20 பேரோ அதற்கு மேலோ உள்ள கம்பெனிகளுக்கு 2008 ஜனவரி 1 முதல் உரிமை இல்லை. இன்சூரன்ஸ் வேண்டாம் என்கிற எல்லா ஊழியருக்கும் ஒரே மாதிரி பணம் தரும் ஏற்பாடு என்றால் தடையில்லை. எனவே சம்பளம் பேசும்போது "எனக்கு இன்சூரன்ஸ் வேண்டாம், அந்தப் பணத்தைக் கொடுங்கள்" என்று நீங்களே கேட்காதீர்கள். அவர்களைச் சிக்கலில் மாட்டும். சம்பளத்தைச் சம்பளமாகவே பேசுங்கள்.

அரசு சிவிலியன் வேலையில் சேர்ந்தவர்களுக்கு ஒரு முக்கியமான விஷயம். அங்கிருந்து ஓய்வு பெறும்போது அரசு ஊழியர் இன்சூரன்ஸைக் கூடவே கொண்டுபோக, ஓய்வுக்கு முந்தைய 5 வருடமும் காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும். ட்ரைகேரில் இருந்த காலமும் அந்த 5 வருடத்தில் சேரும். ஆனால் ஓய்வு பெறும் நாளில் அரசு ஊழியர் திட்டத்தில் பெயர் இருந்தே ஆக வேண்டும். கடைசி ஓபன் சீசனில் சேர்ந்துவிடுங்கள். விட்டால் பிறகு வராது.

12. 65 நெருங்கும்போது

65 வயதில் மெடிகேர் (மூத்தவர்களுக்கான அரசுக் காப்பீடு) பார்ட் ஏ, அதாவது ஆஸ்பத்திரிப் பகுதி, இலவசமாகக் கிடைக்கிறவர் மருத்துவர் செலவுக்கான பார்ட் பி-யும் எடுக்க வேண்டும், எடுக்காவிட்டால் ட்ரைகேர் போய்விடும். இரண்டும் இருந்தால் ட்ரைகேர் ஃபார் லைஃப் ஆகிறது, அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. பார்ட் பி-க்கு 2025-இல் மாதம் 185 டாலர்.

இன்னும் வேலையில் இருந்து கம்பெனி இன்சூரன்ஸ் ஓடுகிறது என்றால் பார்ட் பி-யைத் தள்ளிப்போடலாம், வேலை முடிந்து 8 மாதத்துக்குள் எடுத்தால் அபராதம் இல்லை. ஆனால் அந்த இடைக்காலத்தில் ட்ரைகேர் இருக்காது. "மெடிகேரில் அபராதம் இல்லையே" என்ற ஒரு பாதியை மட்டும் கேட்டுக்கொண்டு மறுபாதியை விட்டுவிடுகிறார்கள். துணைவருக்கும் அவரவர் 65-இல் இதே விதி தனியாக ஓடும்.

பிந்தி அமெரிக்கா வந்து, தன் பெயரிலோ துணைவர் பெயரிலோ பார்ட் ஏ இலவசமாகக் கிடைக்காதவர்கள், சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்தில் அதற்கான மறுப்புக் கடிதம் வாங்கி டியர்ஸில் கொடுத்தால் ப்ரைம் அல்லது செலக்டிலேயே தொடரலாம். கடிதம் இல்லாவிட்டால் 65-ஆம் பிறந்தநாளையொட்டி கவரேஜ் நின்றுவிடும்.

13. ஊருக்குப் போய்த் தங்க நினைப்பவர்களுக்கு

மெடிகேர் இந்தியாவில் ஒரு பைசா கட்டாது. கம்பெனி திட்டங்கள் பலவும் வெளிநாட்டில் அவசர சிகிச்சைக்கு மட்டும்தான். ட்ரைகேர் இந்தியாவிலும் செல்லும். அங்கேயே குடியிருந்தால் செலக்ட் ஓவர்சீஸில் பதிவு செய்ய வேண்டும், ரிட்டயரிகளுக்கு அங்கே ப்ரைம் இல்லை. 65-க்கு மேல் ட்ரைகேர் ஃபார் லைஃப்தான் முதலில் கட்டும், ஆனால் பார்ட் பி தொடர்ந்து கட்டிக்கொண்டிருக்க வேண்டும். "இந்தியாவில் மெடிகேர் எதற்கு" என்று பார்ட் பி-யை நிறுத்திவிட்டு ட்ரைகேரையும் சேர்த்து இழந்தவர்கள் உண்டு, அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

அங்கே பெரும்பாலும் முதலில் நீங்கள் கட்டிவிட்டுப் பிறகு கேட்டு வாங்க வேண்டும். டிஸ்சார்ஜ் ஆகும்போது மொத்தத் தொகை போட்ட ஒற்றை ரசீது போதாது, வரி வரியாகப் பிரித்த பில், நோய் விவரம், பணம் கட்டியதற்கான ஆதாரம் மூன்றும் வாங்குங்கள். வெளிநாட்டு பில்லுக்கு 3 வருடம் அவகாசம், அமெரிக்காவுக்குள் 1 வருடம்தான்.

14. சேர்ந்த பிறகு முதல் இரண்டு மாதம்

எது எடுத்தாலும், வேறு இன்சூரன்ஸ் இருக்கிறதா இல்லையா என்பதை ட்ரைகேருக்குத் தெரியப்படுத்துங்கள். கம்பெனி இன்சூரன்ஸ் முடிந்துபோயும் அவர்கள் பதிவில் அது இருந்தால், "முதலில் அவர்களிடம் கேள்" என்று ஒவ்வொரு பில்லையும் திருப்பி அனுப்புவார்கள். வேலையை விடும்போது கம்பெனியிடமிருந்து கவரேஜ் முடிந்த தேதி போட்ட கடிதம் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். அந்த ஒரு தாள்தான் 90 நாள் ஜன்னலுக்கும் ஆதாரம். கோப்ரா (வேலையை விட்டபின்னும் அதே கம்பெனி இன்சூரன்ஸைச் சொந்தச் செலவில் தொடரும் வசதி) வேண்டுமா என்று கம்பெனி கேட்கும், முழுப் பிரீமியத்தோடு 2 சதவீதம் வரை சேர்த்துக் கட்ட வேண்டியது அது. ட்ரைகேர் கையில் இருப்பவருக்கு, பாதியில் நிற்கும் சிகிச்சையை அதே மருத்துவரிடம் முடிக்க வேண்டும் என்றால் தவிர அது தேவைப்படாது.

மருத்துவர் அலுவலகத்தில் இரண்டு அட்டையையும் கொடுத்து, எது முதல் எது இரண்டு என்று வாயால் சொல்லுங்கள். முதல் பில் வந்ததும் இரண்டு பக்கத்து இ.ஓ.பி.யையும் (பில்லில் எவ்வளவு கட்டினோம் என்று இன்சூரன்ஸ் அனுப்பும் விவரத்தாள்) எடுத்து, கம்பெனி கட்டியது, ட்ரைகேர் கட்டியது, மீதி மூன்றும் பொருந்துகிறதா என்று ஒரு தடவை கூட்டிப் பாருங்கள். பொருந்தாவிட்டால் மருத்துவர் கேட்கும் பணத்தை உடனே கட்டாதீர்கள். முக்கால்வாசி சமயம் அவர்கள் ட்ரைகேருக்கு இன்னும் அனுப்பியே இருக்க மாட்டார்கள், கம்பெனியின் இ.ஓ.பி.யை இணைத்து அனுப்பச் சொன்னால் வேலை முடிந்துவிடும்.